வண்டிக்குக் கேட்ட பூ

பதினெட்டு முடிந்த மறுநாளே அறிவழகன் வீட்டில் வண்டிப் பேச்சை எடுத்தான். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லைசன்ஸ் எடுக்கிற வயசு வரட்டும் என்று சொல்லிச் சொல்லி அப்பா சென்றாயன் தள்ளிப்போட்ட பேச்சு அது. வயசு வந்துவிட்டது, அப்பாவுக்கு இனிச் சாக்கு இல்லை. ஆனால் சென்றாயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. தக்காளிச் செடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், உங்கம்மா சரின்னா எனக்கும் சரிதான் என்று சொல்லிவிட்டார். தங்கம்மாள் இந்த ஜென்மத்தில் சரி என்று சொல்லமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையிடம் பேரும் கெடாமல் வண்டியும் வாங்காமல் தப்பிப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

தங்கம்மாளின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் மகன் வீரமணி இரண்டு வருடத்துக்கு முன்னால் நாலு வழிச்சாலையில் லாரியில் மோதிச் செத்துப்போனான். இருபத்தோரு வயசு. பொட்டலமாகக் கட்டி வந்ததை அவள் பார்த்தாள். அன்றிலிருந்து அறிவழகன் யாராவது சிநேகிதன் வண்டியில் பின்னால் ஏறிப் போனாலே போதும், வீடு வந்து சேர்வதற்குள் பத்து தடவை ஃபோன் அடிப்பாள். எடுக்காவிட்டால் தெருமுனைக்கே வந்து நின்றுவிடுவாள். காரிமங்கலம் சந்தைக்குப் போய்வருகிற சனம் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டே போகும். அறிவழகனுக்கு மானம் போகும்.

அவனும் என்னென்னவோ செய்து பார்த்தான். தருமபுரிக் காலேஜுக்கு ஊரிலிருந்து காலையில் ஒரே பஸ், அதை விட்டால் முதல் பீரியட் போச்சு என்றான். தங்கம்மாள் அவனைக் கால் மணி நேரம் முன்னதாக எழுப்பிவிட்டாள். நல்ல ஹெல்மெட் போடுவேன், நாற்பதுக்கு மேல் முறுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். வீரமணியும் ஹெல்மெட் போட்டுத்தான் போனான் என்றாள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அவன் காலேஜ் வாசலில் போண்டா தின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டு யுவராணி வந்து சொல்லிவிட்டதால் அந்தப் போராட்டமும் படுத்துவிட்டது. உண்மையில் அவனுக்குப் பஸ்ஸும் பீரியடும் ஒரு கவலையே இல்லை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் வண்டியில் பறக்கும்போது, தான் மட்டும் யூனிஃபாரம் போட்ட பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நிற்பது அவமானமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

ஒரு மாதம் இப்படி இழுத்ததில் தங்கம்மாளே அலுத்துப்போனாள்.

"நான் வேணாங்கறன், நீ வேணுங்கற. இதுக்கு முடிவில்ல. முனியப்பன கேட்டுடலாம். அவன் சரின்னா நான் குறுக்க நிக்கமாட்டன்."

ஏரிக்கரை முனியப்பனிடம் பூக் கேட்பது அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். பெண் கொடுப்பதா, போர் போடுவதா, கேஸ் நடத்துவதா, எல்லாவற்றுக்கும் பூதான். ஒரு காகிதத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கேட்கிறவர் பொட்டலத்தை மடிக்கக் கூடாது. எடுக்காமல் கிடக்கும் பொட்டலத்தை யாரும் பிரிக்கவும் கூடாது. அது சாமி தன் மனசுக்குள் வைத்துக்கொண்டது, அப்படியே கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட வேண்டும். சாமியிடம் கேட்கிற இடத்தில் ஒருத்தன் தில்லுமுல்லு செய்வான் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சென்றாயன் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கேட்கிறவள் தங்கம்மாள். மடிக்க ஆள் வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டு வா, நீயே மடி என்று மகனிடம் பூக்கூடையைக் கொடுத்தாள். அவன் கோயிலுக்குப் பின்னால் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தான். ஒழுங்காக மடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தான். முதல் காகிதத்தில் வெள்ளைப் பூவை வைத்து மடித்தான். இரண்டாவது காகிதத்தை விரித்துச் சிவப்புப் பூவைக் கையில் எடுத்தபோது, இந்த ஒற்றைப் பூவால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தான். சிவப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இன்னொரு வெள்ளையை எடுத்து வைத்தான். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

யுவராணியின் மகள் தேவிப்பிரியாவுக்கு ஐந்து வயசு. சூடம் காட்டி முடிந்ததும் அவளைத் தூக்கி இறக்கி, ஒன்றை எடு கண்ணு என்றார்கள். குழந்தை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வெகுநேரம் யோசித்து ஒன்றை எடுத்தது. அந்த யோசனையைப் பார்க்கையிலேயே அறிவழகனுக்குக் காது சூடாகிவிட்டது. தங்கம்மாள் பிரித்தாள். வெள்ளைப் பூவைப் பார்த்ததும் அவள் முகம் கோணவில்லை, ஏமாந்த மாதிரியும் இல்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அழுதிருந்தாள். ஆனால் அது பயந்து அழுத அழுகை அல்ல.

"சாமியே சொல்லிடுச்சி. இனிமே எம்புள்ள அவன் பொறுப்பு. எனக்கு என்னா?"

மீதிப் பொட்டலத்தை அறிவழகனே ஏரியில் போட்டான். பையிலிருந்த சிவப்புப் பூவையும் யாரும் பார்க்காமல் போட்டான். அது மூழ்காமல் கரையோரமாகவே மிதந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. சென்றாயன் மார்க்கெட்டிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும், தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று மறுபடியும் இழுக்கத் தொடங்கினார். தங்கம்மாள் விடவில்லை. சாமி சொன்ன பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிற மனுசனைக் கட்டிக்கொண்டேனே என்று அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். ஒரு மாதமாக எந்த வாயால் வேண்டாம் என்றாளோ அதே வாயால் வாங்கியே தீரவேண்டும் என்றாள். நல்லம்பள்ளியில் ஒரு வாத்தியார் அளவாக ஓட்டிய கறுப்பு வண்டி வந்து சேர்ந்தது. எலுமிச்சம்பழம் வைத்து, திருஷ்டிக்கயிறு கட்டி, அவளே முன்னால் நின்று அனுப்பினாள். புறப்படும்போது பத்திரம் என்றுகூடச் சொல்லவில்லை.

முதல் நாள் தருமபுரி போய்ச் சேர்ந்து ஃபோனைப் பார்த்தான். ஒரு கால்கூட வரவில்லை. சாயங்காலம் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு லேட்டாக வந்தான். தெருமுனையில் யாரும் நிற்கவில்லை. தங்கம்மாள் டிவி முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்கவும் இல்லை. கை கழுவிட்டு வா, சோறு போடுகிறேன் என்றாள். இரண்டு வருடமாகக் கண்ணுக்குக் கீழே கிடந்த கறுப்பு ஒரு மாதத்தில் வெளுத்துப்போனது. அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்று சென்றாயனே வியந்து சொன்னார்.

பெற்ற தாய் நிம்மதியாக இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்ட பிள்ளை அந்த ஜில்லாவிலேயே அறிவழகன் ஒருவனாகத்தான் இருப்பான். முன்பு அவள் ஃபோன் அடித்தால் எரிச்சல் வந்தது. இப்போது அடிக்காத ஃபோனை மணிக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தான். வண்டியில் போகிற ஆசை மூன்றே வாரத்தில் பாதியாகிவிட்டது. ஏரிக்கரை வழியாகப் போவதை விட்டு, இரண்டு கிலோமீட்டர் சுற்றி ரோட்டைப் பிடித்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை தேவிப்பிரியா வண்டியைத் தொட்டு, நாந்தானே பூ எடுத்து குடுத்தன், ஒரு ரவுண்டு ஏத்திக்கோ என்று கேட்டபோது, பெட்ரோல் இல்லை என்று பொய் சொன்னான். சொல்லிவிடலாம் என்று பலநாள் வாயெடுத்தான். சொன்னால் வண்டி போய்விடுமே என்று முதலில் தயங்கினான். பிறகு வண்டி போனாலும் பரவாயில்லை, அம்மா தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று தயங்கினான்.

நாலாவது மாதம் தங்கம்மாளுக்கு உதிரம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவனே வண்டியில் உட்கார வைத்துத் தருமபுரிக்குக் கூட்டிப்போனான். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, நாள் கடத்தாமல் எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா தேதியும் குறித்துக் கொடுத்தார். தங்கம்மாள் தலையாட்டிவிட்டு வந்தாள். வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்ற பயம் அவளுக்கு. வீட்டுக்கு வந்த மறுநாள் பூக்கூடையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஆபரேசன் பண்ணிக்கிறதா வேணாமானு கேட்டுடலாம். நீயே மடி கண்ணு. உன் கைக்கு அவன் நல்லா பேசறான்."

அவன் கூடையைப் பார்த்தான். அதில் வெள்ளையும் இருந்தது, சிவப்பும் இருந்தது. ஒழுங்காக மடித்துச் சிவப்பு வந்துவிட்டால் இவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டாள். டாக்டரம்மா சொன்னதெல்லாம் வீண். இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டால் சந்தோஷமாகப் போய்ப் படுப்பாள். நல்ல காரியத்துக்குத்தானே, வைத்துவிடு என்று மனசு சொன்னது. கையும் பழகிய கைதான். வெள்ளைப் பூவை எடுத்தும்விட்டான். முனியப்பன் கூட இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு அவள் ஆபரேசன் மேசையில் கண்ணை மூடப்போவதை நினைத்தபோது தன்மேல் அப்படி ஓர் அருவருப்பு வந்தது அவனுக்கு. பூவைக் கூடையில் போட்டான்.

"அம்மா, அன்னிக்கு வண்டிக்கு கேட்டப்ப நான் செவப்பே வெக்கல. ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சி மடிச்சன்."

தங்கம்மாளுக்கு உடனே புரியவில்லை. ரெண்டுலயுமா என்றாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்து, முந்தானையால் மூடினாள். யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோல வாசல் பக்கம் பார்த்தாள். தப்புச் செய்தவன் அவன், கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவள் அவள். அதைப் பார்க்க முடியாமல் அறிவழகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இனிமே அவங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு போய் கேக்கறது? ஆபரேசனுக்கு பூ வேணாம். டாக்டரம்மா சொன்ன தேதிக்கே போலாம். உங்கப்பாகிட்ட இத சொல்லாத, தாங்கமாட்டாரு."

வண்டியை விற்றுவிடச் சொல்கிறேன், இனி பஸ்ஸிலேயே போகிறேன் என்று அவன் முனகினான். அதை அவள் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. எண்ணி முடித்ததும் எழுந்து வந்து, சின்னப் பிள்ளையைத் தடவுவதுபோல, அவன் தலையையும் தோளையும் முழங்காலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நாலு மாசமா நீ தனியாவாடா போயிட்டு வந்த?"