ஏழு வகைப் பிஸ்கட்

அக்கா கெர்டாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் போகும் வழியில் ஸ்டூரே ஹெட்லுண்ட் மூன்று முறை டையைச் சரிசெய்துவிட்டார். காரை ஓட்டியது மகள் யில்வா. இருக்கைகளுக்கு நடுவே அவளுடைய மதிய உணவு ஒரு குடுவையில் இருந்தது.

“ஒவ்வொரு பிஸ்கட்லயும் ஒண்ணு எடுத்துக்க. ஒருநாள்தானே,” என்றார்.

“இன்னும் அஞ்சு நாள்ல ஆபரேஷன்ப்பா. அதுவரைக்கும் டாக்டர் குடுத்த சத்துமாவுக் கரைசல் மட்டும்தான். ஈரல் சுருங்கணும். இல்லேன்னா உள்ள பாத்துட்டு அப்படியே தச்சு அனுப்பிடுவாங்க.”

“கெர்டா வீட்ல ஏழு வகையும் தொடாம யாரும் எழுந்ததில்ல. அவமானமா எடுத்துப்பா.”

“அப்ப உண்மையைச் சொல்லிடலாம்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், எடை குறைவதற்காக, ஆபரேஷன் செய்து யில்வாவின் இரைப்பையைச் சுற்றி ஒரு பட்டையைப் பொருத்தினார்கள். நாற்பது கிலோ குறைந்தாள். எப்படி என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, பனிச்சறுக்கு என்று சொன்னவர் ஸ்டூரேதான். ஹெட்லுண்ட் குடும்பத்துப் பெண் கத்தியை நம்பி இளைத்தாள் என்ற பேச்சு வரக் கூடாது. பிறகு பட்டை நழுவியது. கெட்டியாக எது சாப்பிட்டாலும் வாந்தி. ஐஸ்கிரீமும் சாக்லெட்டும்தான் தடையில்லாமல் இறங்கின. எடை முழுக்கத் திரும்பி வந்தது. சோம்பேறியாகிவிட்டாள் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை. இப்போது பட்டையை எடுத்துவிட்டு, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு வேறு விதமாக இணைக்கப் போகிறார்கள்.

கெர்டாவின் மேசையில் ஏழு தட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் அவள் கையால் சுட்டவை. எதிரே அவள் மகன் ராக்னார், நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான்.

யில்வாவின் தட்டில் கெர்டாவே ஏழு வகையிலும் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

“என்னடி யோசிக்கிற? பனிச்சறுக்கைத்தான் நீ விட்டுட்டேன்னு தெரியுது. பிஸ்கட்டையுமா விட்டுட்ட?”

யாரோ சிரித்தார்கள். யில்வா அப்பாவைப் பார்த்தாள். அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதில் சர்க்கரையே போடவில்லை.

அவள் பாதாம் பிஸ்கட்டை எடுத்தாள். ஒன்பது நாளாக அவள் வெறும் கரைசலைத்தான் குடித்திருந்தாள். தான் சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் மகள் அதை வாய்க்குக் கொண்டுபோகிறாள் என்பது ஸ்டூரேவுக்குப் புரிந்தது.

“கீழ வை, யில்வா.”

அவர் எழுந்து நின்றார். சபையில் பேசும்போது அவர் உட்கார்ந்து பேசியதில்லை.

“இவ பனிச்சறுக்கே போனதில்ல. அது ஆபரேஷன். பொய் சொன்னது நான். அந்தப் பட்டை கெட்டுப்போச்சு. அது இவ தப்பில்ல. வர்ற வியாழக்கிழமை மறுபடியும் ஆபரேஷன். அதுவரைக்கும் இவ இதைச் சாப்பிடக் கூடாது.”

கெர்டா காப்பிக் கெண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“பன்னெண்டு வருஷமா உன் பேச்சைக் கேட்டு ராக்னாரைப் பனிச்சறுக்குன்னு அந்தக் குளிர்ல விரட்டியிருக்கேன்டா. வருஷா வருஷம் புதுச் சறுக்குப் பலகை வேற.”

“முட்டி ரெண்டும் போச்சு மாமா,” என்றான் ராக்னார், கோபமில்லாமல். பிறகு யில்வாவிடம், “அந்த டாக்டர் பேர் என்ன?” என்றான்.

யில்வாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“கறுப்புக் காப்பி குடிக்கலாமா நீ?” கெர்டா கேட்டாள்.

“குடிக்கலாம் அத்தை.”

கெர்டா ஊற்றினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். “ஆனா போட்ட தட்டு திரும்பி உள்ள போற வழக்கம் இந்த வீட்ல கிடையாது.”

“தெரியும்,” என்றார் ஸ்டூரே. உட்கார்ந்து, மகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன்னுடைய ஏழு பிஸ்கட்டையும் ஏற்கெனவே முடித்திருந்தார். முதுகை நிமிர்த்தி, எட்டாவதை எடுத்தார்.