அமுக்கினால் எழும்பும் அம்பாசிடர்

நாலாவது நாளும் பயஸின் அம்பாசிடர் எழும்பவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு பாட்டம் சுற்றும், இருமும், வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அணையும். பத்தாவது தடவை எப்படியோ பிடித்தது. பிடித்தும் என்ன? ஆக்சிலேட்டரை விட்டால் ஐடிலிங்கில் நிற்கமாட்டாமல் வண்டி மொத்தமும் குளிர்காய்ச்சல் வந்தவனைப்போல நடுங்கி, நின்றே போனது.

"நாசமாப் போக!" விஜயதாஸ் ஸ்பானரைத் தரையில் வீசினான்.

பாறசாலையில் ரோட்டை ஒட்டின அவனுடைய ஒர்க்‌ஷாப்பில்தான், போன ஓணத்துக்கு முந்தி, அந்த வண்டிக்கு ஜப்பான்காரனின் டர்போ டீசல் எஞ்சின் ஏறியது. ஒவ்வொரு போல்ட்டும் அவன் கை பட்டது. வண்டிக்காரன் பயஸ், கோட்டுகால் கடப்புறத்தில் மீன்பிடி வள்ளம் ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பள்ளி முற்றத்தில் ஊரைக் கூட்டி, "விஜயதாஸ் எனக்குக் கெட்டித் தந்தது ஆக்கர் எஞ்சினாக்கும், பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டான். விஜயதாஸ் வண்டியை வரவழைத்துக் கழற்றத் தொடங்கிய திங்கட்கிழமையே அந்தப் பேச்சு தனுவச்சபுரம்வரை போய்விட்டது. அங்கிருந்து டர்போ மாட்டச் சொல்லி ஜீப்பைக் கொண்டுவிட்டிருந்த மோகனன் சார், நேற்று வந்து கறாராகச் சொன்னார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாறேன். இந்த அம்பாசிடர் ஒழுங்கா ஓடலேன்னா என் ஜீப்பைக் கயிறு கெட்டி இழுத்துட்டுப் போவேன்."

ஜீப் கயிற்றில் போவதை ரோட்டில் நாலு பேர் பார்த்தால் போதும். பிறகு மாநில எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எவன் அவனை நம்பி எஞ்சினைக் கொடுப்பான்? பத்தொன்பது வருஷம் எண்ணெயில் குளித்துச் சம்பாதித்த பேர். இப்போது மணி எட்டரை.

ஹீட்டர் பிளக் மாற்றியாயிற்று. நாசில் நாலும் கழற்றிப் பார்த்தாயிற்று. பம்பு டைமிங், டர்போ ஹோஸ் எல்லாம் பார்த்தாயிற்று. டீசலில் சேர்ந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்துவிட்டால் சாயங்காலம் ஓடுகிறது, விடிந்தால் சாகிறது. அப்படியென்றால் எங்கேயோ காற்றை இழுக்கிறது. கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பில் ஒரு முழம் வெட்டி, டீசல் போகும் வழியில் மாட்டினான். எஞ்சினைச் சுற்றவிட்டதும் டியூப் முழுக்கக் குமிழி! குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய் டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னிக்கும் மிதியடிக்கும் அடியில், டீசல் குழாயை நடுவே வெட்டி, கைக்கு அடங்குகிற ஒரு ரப்பர் பம்பு சொருகியிருந்தது. இரண்டு முனையிலும் வலை நூலால் கட்டு. கட்டில் டீசல் கசிந்து நின்றது.

"எலே பயஸே! இது என்னதுலே?" வாசலில் நின்ற பயஸைப் பார்த்துக் கத்தினான்.

"வள்ளத்து எஞ்சினுக்க பம்பு. மச்சினன் லிண்டோ கெட்டித் தந்தான். காலையில பத்து அமுக்கு அமுக்குனாத்தான் வண்டி எழும்பும்."

விஜயதாசுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "நாலு நாளா நான் கிடந்து சாவுதேன், நீ பாத்துட்டு நிக்கே! வாயில என்ன கொழுக்கட்டையா? என் மானத்தைக் கப்பலேத்திட்டியேலே, பாவி!"

விஜயதாஸ் பம்பை அறுத்தெறிந்து, நல்ல குழாயும் கிளிப்பும் போட்டு, ஏர் எடுத்தான். ஒரே சாவி. எஞ்சின் பிடித்தது, ஆடாமல் நின்றது. கயிறும் கையுமாக மோகனன் சாரும் வந்து சேர்ந்தார்.

"கேளும் சாரே! எனக்க எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல, எல்லாம் இவனுக்க வேலை! எலே, பள்ளி முற்றத்துல சொன்னேல்லா, அங்கேயே போய் இதையும் சொல்லணும்!"

"சொல்லுதேன் மேஸ்திரி." பயஸ் அறுத்தெறிந்த பம்பைக் குனிந்து எடுத்தான். "எல்லாத்தையும் சொல்லுதேன். மூணு வாரத்துக்கு முந்தி நெய்யாற்றின்கரையில டீசல் தீந்து, ஏர் புடிச்சு, வண்டியைக் கெட்டி இழுத்து இங்கதான் கொண்டு வந்தேன். நீரு பானட்டைப் பொக்கித் தெறந்து பாத்தீரா? அத்தனை பேருக்கு முன்னால என்ன சொன்னீரு? 'வள்ளக்காரனுக்கு எதுக்குலே டர்போ, போய் வள்ளத்தை ஓட்டு'ன்னு சொன்னீரு. வள்ளம் ஓட்டுதவன் வேற என்ன செய்வான்? வள்ளத்துக்குச் செய்யுததைச் செய்தேன்."

விஜயதாசுக்குத் தான் சொன்னது ஞாபகம் இருந்தது. நின்றவர்கள் சிரித்ததும், தானும் சேர்ந்து சிரித்ததும் ஞாபகம் இருந்தது. ஏர் எடுக்க அன்றைக்கு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்.

மோகனன் சார் ஓடுகிற எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எஞ்சின் கொள்ளாம், நல்லாத்தான் ஓடுது, விஜயதாஸ். ஆனா கேடாச்சுன்னா நானும் உம்மகிட்டதானே வந்து நிக்கணும்?"

குனிந்து ஜீப்பின் முன்கொக்கியில் கயிற்றைக் கட்டினார்.

"பயஸே, உனக்க வண்டி இதை இழுக்குமா?"

"டர்போவாக்கும் சாரே. இழுக்கும்."

அம்பாசிடர் ஜீப்பை இழுத்துக்கொண்டு ரோட்டில் ஏறியது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எஞ்சின் ஒரு தடவைகூட நடுங்கவில்லை.