ஐலாத் தீவுப் போத்தல்

போத்தலை அரிசி வாளிக்குள் புதைத்த பிறகும் ரதிதேவிக்கு நிம்மதியில்லை. வாய்க்கரிசிக்கு யாராவது வாளியைத் திறப்பார்கள். எடுத்து வோஷிங் மெஷினுக்குள் வைத்தாள். அதுவும் சரிவரவில்லை. மவுண்ட் ரோஸ்கில் வீட்டின் முன்னறையில் கணவர் ஏரம்பமூர்த்தி பெட்டிக்குள் கிடந்தார். இவளோ காலில் சுடுதண்ணி ஊற்றின மாதிரி குசினிக்கும் லோண்டறிக்கும் நடந்துகொண்டிருந்தாள். சுடலைக்குக் கார் வர அரைமணி இருந்தது.

"மச்சாள், அந்தப் போத்தல் எங்கை?"

கணவரின் கூட்டாளி தவராசா வாசலில் நின்றார். போன வருடம் அவரும் ஏரம்பமூர்த்தியும் ஸ்கொட்லாந்துப் பக்கம் ஐலாத் தீவுக்குப் போய், விஸ்கி வடிசாலை ஒன்று விடாமல் ஏறியிறங்கினவர்கள். அங்கே வாங்கின போத்தல் அது.

"செத்தால் அதிலை ஒரு சொட்டு வாயிலை விடச் சொன்னவன்."

"வேண்டாம் அண்ணை, சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொன்னதைச் சொல்லட்டும். எடுங்கோ."

சனத்துக்கு அவள் பயப்படவில்லை. போத்தலுக்குள் இருந்தது பாலும் சீனியும் இல்லாத வெறும் சாயத் தேத்தண்ணி. ஈரல் பழுதென்று டொக்டர் சொன்ன அன்றே விஸ்கியைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, நிறம் பார்த்து நிரப்பினாள். மூன்று மாதமாகக் குறையக் குறைய நிரப்பினாள். அவர் பின்னேரங்களில் இரண்டு விரல் அளவு ஊற்றி, மணந்து பார்த்து, "அருமை" என்று குடித்தார். மனுசனைப் பேய்க்காட்டி ஏமாற்றிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட.

இனி ஒளிக்க இடமில்லை. கொண்டுவந்து கொடுத்தாள்.

தவராசா பெட்டியருகே நின்று மூடியைத் திருகினார். "கண்ணைக் கட்டிவிட்டாலும் மணத்திலையே எந்த வடிசாலை எண்டு சொல்லுவான். அங்கத்தை வெள்ளைக்காரரே வாயைப் பிளந்தவங்கள்."

மூடி கழன்றது. அவர் மணந்தார். நிமிர்ந்து ரதிதேவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தவராசா கரண்டியில் ஊற்றி நண்பனின் உதட்டில் விட்டார். வழிந்ததைத் தன் லேஞ்சியால் துடைத்தார்.

"நல்ல சாமான்" என்றார், எல்லாருக்கும் கேட்க.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீடு கழுவப் பெண்கள் தண்ணீர் பிடித்தார்கள். ரதிதேவி கணவருடைய கிளாஸை எடுத்து இரண்டு விரல் அளவு ஊற்றினாள். மூன்று கரண்டி சீனி இல்லாமல் தேத்தண்ணியைத் தொட்டும் பாராத மனுசன்.

மணந்து பார்த்துவிட்டுக் குடித்தாள். கசந்தது. மிச்சம் விடாமல் குடித்தாள்.