கராஜ் கதவின் வாயை அடைத்த கதை

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். தினமும் ஐம்பது அறுபது பேர் என்னை நம்பி ஏறி உட்கார்ந்தார்கள். பெற்ற மகள் மட்டும் ஒரு சின்னக் காரை நம்பித் தர மாட்டேன் என்கிறாள். கண்ணில் புரை விழுந்திருந்த சமயத்தில் பக்கத்து வீட்டு மதிலில் ஒருமுறை உரசிவிட்டேன், அவ்வளவுதான். புரையை எடுத்து, கண் டாக்டரே தாராளமாக ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும், அப்பா ரெஸ்ட் எடுக்கட்டும் என்கிறாள். ரெஸ்டாம் ரெஸ்ட்! எட்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடாமல் கை நமநமவென்று அரிக்கிறது.

சாவி என்னவோ கூடத்து ஆணியில்தான் தொங்குகிறது. அதை ஒளித்து வைக்க அவளுக்கு அவசியமே இல்லை. கராஜ் கதவு போடுகிற சத்தம் போதும். பொத்தானை அழுத்தியதும் மோட்டார் கடகடக்கும், சங்கிலி உதறும், இரும்புச் சக்கரங்கள் கிறீச்சிடும். அதற்கு நேர் மேலே உள்ள அறையில்தான் மகள் கம்பெனி வேலை பார்க்கிறாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாலும் தரை அதிர்ந்தே காட்டிக் கொடுத்துவிடும். ஒருமுறை முயன்று பார்த்தேன். கதவு முழங்கால் உயரம்கூட வரவில்லை, ஜன்னலில் இருந்து "அப்பா" என்று குரல் வந்துவிட்டது.

அதனால் மாப்பிள்ளையைப் பிடித்தேன். தங்கமான மனுஷன், சூதுவாது தெரியாது. இந்தச் சத்தத்தில் உங்கள் சம்சாரம் எப்படித்தான் மீட்டிங்கில் பேசுகிறாளோ, பாவம் என்று உருகினேன். அடுத்த சனிக்கிழமையே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கை வைத்தோம். மோட்டாரை உத்தரத்தோடு ஒட்டி முடுக்கியிருந்தார்கள். அதிர்வு அப்படியே மகள் அறைக்கு ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்தோம். இரும்புச் சக்கரங்களுக்குப் பதில் நைலான் சக்கரங்கள் போட்டோம். தொங்கிக் கிடந்த சங்கிலியை அளவாக இழுத்துவிட்டு, கீல்களுக்கு கிரீஸ் வைத்தோம். சக்கரம் ஓடுகிற பாதையிலும் மாப்பிள்ளை கிரீஸை அப்பப் போனார். தூசி ஒட்டிக்கொண்டு மறுபடி கத்தும் என்று தடுத்தேன். கதவின் பாரத்தைத் தாங்குகிற பெரிய ஸ்பிரிங்கை மட்டும் நாங்கள் தொடவில்லை, அது தெறித்தால் ஆளே காலி.

வழக்கமாக எதைத் தொட்டாலும் நச்சரிக்கிற என் சம்சாரம், அன்று கேட்காமலே டீ கொண்டுவந்தாள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்ததும், இன்னொரு தரம் திறந்து காட்டச் சொன்னாள். திறந்தோம். பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. மகள் இறங்கிவந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் இல்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மகள் மீட்டிங்கில் உட்கார்ந்தாள். சம்சாரம் தூங்கிக்கொண்டிருப்பாள் என்ற தைரியத்தில், சட்டையை மாற்றித் தலையைச் சீவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஆணியில் சாவி இல்லை. சமையலறை வழியாகக் கராஜுக்குள் எட்டிப் பார்த்தேன். காரும் இல்லை.

திருட்டு! கத்த வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று மகள் கேட்டால் என்ன சொல்வது? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் காலித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கதவு தானாக மேலே போயிற்று. முதலில் டயர் தெரிந்தது, பிறகு நம்பர் பிளேட், பிறகு கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் என் சம்சாரம்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு, ஒரே வீச்சில் உள்ளே நிறுத்தினாள். நானே சில நாள் பின்னால் எடுத்து இரண்டாவது தரம் நுழைப்பேன். பொறாமையாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"லைசென்ஸ்?" என்றேன்.

"இருபத்தெட்டு வருஷமா புதுப்பிச்சு வச்சிருக்கேன். சாவி கேட்டப்பல்லாம் பாக்கலாம், பாக்கலாம்னீங்க. ஒரு நாளாவது குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதாதா என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. சுருக்கென்று தைத்தது.

மேலே நாற்காலி நகர்ந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மகள் தொடர்ந்து பேசுகிற சத்தம் கேட்டதும், மீட்டிங் முடிய இன்னும் அரை மணி இருக்கிறது, ஏறுங்கள் என்றாள் சம்சாரம்.

ஸ்டியரிங் பக்கக் கதவருகே போய் நின்றேன். அவள் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

"திரும்பி வர்றப்ப நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இவ்வளவு பணிவாக எதையும் கேட்டதில்லை.

ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"பாக்கலாம்."