போன்ழூருக்கு மார்க் போட்ட வரலாறு

போன்ழூர் என்ற குதிரை குருசுக்குப்பம் கடற்கரையில் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துகொண்டிருந்த வருஷத்தில்தான், குதிரைக்கு உடம்பே கிடையாது, நேரம் மட்டும்தான் உண்டு என்று கதிர்காமம் ஹரிகிருஷ்ணன் நிரூபித்து முடித்திருந்தான். அதற்காக அவன் ஒரு குதிரையையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கிண்டியிலும் ஊட்டியிலும் நடந்த பந்தயங்களைச் செல்போனில் சேர்த்துவைத்து, இந்தத் தூரத்தை ஒரு நல்ல குதிரை இவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும் என்று நிர்ணயித்திருந்தான். அதைவிடச் சீக்கிரம் வந்தால் மார்க் ஏறும், தாமதித்தால் இறங்கும், தரை ஈரமென்றால் கொஞ்சம் சலுகை உண்டு. டீக்கடைக்காரருக்கும் ஒரு டீக்கு நிர்ணய நேரம் வைத்து மார்க்கைக் குறைத்திருந்தான்.

போன்ழூர் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது. துணிக்கடை கமருஸ்ஸமான் ஆசைப்பட்டு வாங்கிக் கட்டியிருந்தார். ஹரிகிருஷ்ணன் போடும் மார்க் நன்றாக வந்தால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் விழுப்புரத்து மாப்பிள்ளை ஊர்வலக்காரரிடம் தள்ளிவிடுவது என்பது அவர் முடிவு. அவர் மகள் ரமீஜாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கல்லூரி விட்டதும் நேரே கொட்டகைக்குப் போய்க் குதிரையின் காதோடு பேசிக்கொண்டிருப்பாள்.

"அதுகிட்ட என்னம்மா கேக்குற? எவ்ளோ மார்க் வாங்குவேன்னா?" என்றான் ஹரிகிருஷ்ணன்.

"சாப்டியான்னு கேட்டேண்ணே. அதுக்கும் நேரம் குறிக்கணுமா?"

அவன் கமருஸ்ஸமான் பக்கம் திரும்பினான். "இன்னைக்குக் குதிரைகிட்ட பேசறவங்க நாளைக்கு பஸ்கிட்டயும் பேசுவாங்க பாய். எதுக்கும் பொண்ணைக் கவனிச்சுக்கங்க."

சோதனை ஓட்டம் விடிந்ததும் நடந்தது. புறப்படச் சொல்லும் கொடி இறங்குவதற்கு முன்பே போன்ழூர் மறுகோடியில் நின்று கடற்பாசியை மென்றுகொண்டிருந்தது. கொடி இறங்கிய பிறகுதான் இந்தக் கோடியிலிருந்து காணாமல் போனது. நடுவில் கொஞ்ச நேரம் இரண்டு கோடியிலும் நின்றது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், இரண்டும் வலையை மிதிக்காமல் இருந்தால் சரி என்றார்கள். ஹரிகிருஷ்ணன் ஈர மணலுக்குக் கழித்தான், காற்றுக்குக் கழித்தான், கடிகாரத்தை உதறிப் பார்த்தான். சேர்ந்த நேரம் புறப்பட்ட நேரத்துக்கு முன்னால் இருந்தால் அவன் கணக்கில் ஒரே அர்த்தம்தான்: குதிரை ஓடவில்லை. பூஜ்யம் போட்டான்.

"தம்பி, அதோ அங்க நிக்குதேப்பா," என்றார் கமருஸ்ஸமான்.

"நிக்குது பாய். ஓடுச்சாங்கறதுதான் கேள்வி."

படித்த பிள்ளை சொல்கிறானே என்று அவரும் லாரிக்குச் சொல்லிவிட்டார். குதிரையை லாரியில் ஏற்றியபோது ரமீஜா பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கத்தில், விழுப்புரம் போய்த் திரும்பிவிட்ட போன்ழூர், கழுத்தில் வாடிய மாலையோடு கொட்டகையில் நின்றது. லாரி இன்னும் கிளம்பவில்லை. ஊர்வலக்காரர் அந்த முகூர்த்த மாதம் முழுக்க முயன்று பார்த்தார். மாப்பிள்ளை ஏறுவதற்குள் குதிரை வீட்டுக்குப் போய்விடுகிறது என்று கடைசியில் விட்டுவிட்டார். கமருஸ்ஸமான் கொள்ளுக்கு ஆள் அனுப்பினார். ரமீஜா அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

டீக்கடையில் யார் கேட்டாலும் பூஜ்யம் பூஜ்யம்தான் என்று ஹரிகிருஷ்ணன் சாதித்தான். ஆனால் அடுத்த கிண்டிப் பந்தயத்துக்கு முந்தின மத்தியானம், ரமீஜா கல்லூரியில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். குதிரையின் காதுக்கு எட்டும்படி எக்கி நின்று, "சாப்டியாப்பா?" என்று கேட்டான்.

அவன் கேட்பதற்கு முன்பே போன்ழூர் தலையாட்டிவிட்டிருந்தது.