ஒரு லட்சத்து ஒரு ரூபாய்

எழுதிப் பிழைக்கிறவளை வேலையில்லாதவள் என்று சொல்லும் ஊர் எங்கள் கண்டாவளை. அம்மாவும் அந்த ஊர்தானே. கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே விளம்பரங்களும் இணையக் கட்டுரைகளும் எழுதுகிறேன். அம்மாவைப் பொறுத்தவரை அது போனை நோண்டுவது. யோகநாதன் மாமாவைப் பிடித்து, கிளிநொச்சியில் ஒரு லீசிங் கம்பனியில் எனக்குக் காசாளர் வேலையும் பார்த்து வைத்துவிட்டார்.

நான் பிடித்த சண்டையில் அம்மா ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார்.

“இந்த மாசம் ஒரு லட்சம் உன்ரை கைக்கு வரட்டும். பிறகு நான் வாய் திறக்கமாட்டன். குறைஞ்சால் மாமா சொன்ன வேலைக்குப் போகவேணும்.”

“ஓம், பாப்பம்,” என்றேன்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் நெல் வெட்டிக்கொண்டிருந்த அந்த மாதம் முழுக்க எழுதினேன். பற்பசைக்கு எழுதினேன், கோழித்தீனுக்கு எழுதினேன், கண்ணாலும் காணாத மாடி வீடுகளுக்கு எழுதினேன். கூட்டிப் பார்த்தால் சரியாக ஒரு லட்சம். பில்லை அனுப்ப முன்னர் அம்மாவின் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

அம்மா முகத்தைச் சுளித்தார். “மொட்டையாச் சுழியிலை முடியக்கூடாது, பிள்ளை. கோயிலுக்குக் குடுத்தாலும் கலியாண வீட்டிலை குடுத்தாலும் ஒரு ரூபா கூட்டித்தானே குடுக்கிறனாங்கள். ஒண்டைக் கூட்டி எழுது. விருத்தியாகும்.”

வெல்லப் போகிறவளுக்கு என்ன வாய்த்தர்க்கம்? ஒரு ரூபாயைக் கூட்டி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து செய்தி வந்தது. தொண்ணூற்றையாயிரம் ரூபாய், தொண்ணூற்றைந்து சதம். நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் தர்மிளா அக்காவுக்கு உடனே அழைத்தேன்.

“ஐயாயிரம் எங்கையக்கா போனது?”

“அது வரி, தாட்சாயினி. மாசத்திலை ஒரு லட்சத்தைத் தாண்டினால் முழுத் தொகையிலையும் அஞ்சு வீதம் கழிச்சுக் கட்டவேணும். சரியா ஒரு லட்சமெண்டால் ஒரு சதமும் கழிச்சிருக்கமாட்டம். அந்த ஒரு ரூபா என்னத்துக்குப் போட்டனீங்கள்?”

விருத்திக்கு என்று எப்படிச் சொல்வேன்?

“கழிச்சதுக்குச் சான்றிதழ் அனுப்புறன்,” என்றார் அக்கா. “வருச வருமானம் வரி கட்டுற அளவுக்கு வராட்டி, கணக்குக் காட்டித் திருப்பிக் கேக்கலாம்.”

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. வெளியே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

“என்ரை ஒரு ரூபாயாலை வந்த வினை. அடுத்த முறை கூட்டாதை, பிள்ளை.”

“கூட்டுவன்,” என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து ஒண்டு எண்டு போடுவன். கழிக்கிறதைக் கழிக்கட்டும், மிச்சமே லட்சத்தைத் தாண்டும். இந்த ஐயாயிரத்தையும் கணக்குக் காட்டிக் கேப்பன். வரிக்குப் பயந்து குறைச்சு எழுதவும் மாட்டன், லீசிங் கம்பனிக்குப் போகவும் மாட்டன்.”

அம்மா மீனுக்குத் திரும்பினார். தோற்றது தோற்றதுதான், திங்கட்கிழமை மாமா சொன்ன வேலைக்குப் போகச் சொல்லிப் பெரிய சண்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் மாமாவே போன் எடுத்தார். அம்மா முற்றத்தில் நின்று, வேலிக்கு அப்பாலும் கேட்கிற மாதிரிக் கதைத்தார்.

“இல்லை அண்ணை, அவா வரமாட்டா. அவா வேலையிலை நிக்கிறா. ஓம், எழுதிறதுதான். அண்ணை, வேலையில்லாத ஆக்களிட்டை அரசாங்கம் வரி கழிக்குமோ?”