முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி

பேருந்து ஓட்டும் அவனுக்கு எவ்வளவு நெரிசலிலும் பதற்றம் வராது. துணி துவைப்பதென்றால்தான் பயம். கல்யாணமானதிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. பிரசவத்துக்குப் போன மனைவி மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அவளுடைய வெள்ளைக் கம்பளிச் சட்டையில் காபிக் கறை. இறந்துபோன அவள் அக்கா, முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சட்டை அது. "அதைப் போட்டுக்கிட்டுத்தான் பிள்ளையோட வீட்டுக்குள்ள வருவேன்" என்று சொல்லியிருந்தாள்.

கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான சலவை அறை. சட்டையை மெஷினுக்குள் திணித்தான், வெந்நீருக்குத் திருப்பினான். பிளீச்சிங் புட்டியைக் கவிழ்க்கப் போகையில் யாரோ அவன் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

எதிர்வீட்டு அம்மாள். காது கேட்காது, பேச்சும் வராது.

"என்னம்மா இது, கையை விடுங்க!" என்று கத்திவிட்டு, யாரிடம் கத்துகிறோம் என்பது உறைத்ததும் கூசிப்போனான்.

அவர் சட்டையை வெளியே இழுத்து, கழுத்துப் பட்டையைப் புரட்டி, உள்ளே தைத்திருந்த லேபிளைக் காட்டினார். அதில் சின்னச் சின்னப் படங்கள். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி: புட்டியைக் காட்டித் தலையாட்டி மறுத்தார். தொட்டிக்குள் ஒரு கை: தன் கைகளை மெல்லக் கசக்கிக் காட்டினார். சதுரத்துக்குள் வட்டம், அதன்மேலும் பெருக்கல் குறி: உலர்த்தும் மெஷினைத் தட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் நெருக்கினார். கைக்குழந்தைச் சட்டையளவுக்குச் சுருங்கிவிடுமாம்!

"அட, நம்ம ரோட்டு போர்டு மாதிரில்ல இருக்கு! குறுக்கே கோடு போட்டா உள்ள போகக்கூடாது!" என்றவன், ஸ்டியரிங் திருப்புவதுபோல் அபிநயம் பிடித்தான். அந்த அம்மாள் தோள் குலுங்கச் சிரித்தார்.

பச்சைத் தண்ணீரில் கறை போகும்வரை மெல்லக் கசக்கி அலசி, துண்டின் மேல் விரித்துக் காயவைத்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு மனைவி கேட்டாள்: "நீங்களா துவைச்சீங்க?"

நடந்ததைச் சொன்னான். நல்லவேளை, இல்லாத பெருமையை ஏற்றிக்கொள்ளவில்லை.

"அப்போ முதல்ல அவங்க வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அழைப்புப் பொத்தானை அழுத்தினால் அங்கே மணிக்குப் பதில் விளக்கு மின்னும். கதவு திறந்ததும் மனைவி, "அக்கா" என்று உதடு தெளிவாய் அசையச் சொல்லி, குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

நன்றியைக் கையால் எப்படிச் சொல்வதென்று அவனும் உதட்டைத் தெளிவாய் அசைத்துக் கேட்டான். அந்த அம்மாள் விரல்நுனியை முகவாயில் வைத்து முன்னே நீட்டிக் காட்டினார். ஸ்டியரிங் பிடித்து மரத்த கைக்கு அது லேசில் வசப்படவில்லை. சரியாக வரும்வரை செய்துகொண்டே இருந்தான்.